காதால் தெரிந்தெடுத்த கணினி

வீட்டுக்குப் புதிய மேசைக்கணினி ஒன்று பார்க்க இன்று மட்டக்களப்பு நகரத்துக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஒன்றை இயக்கிக் காட்டினார். உள்ளே விசிறி சுழலும் மெல்லிய இரைச்சல் கேட்டதும் என்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டேன், நண்பா. நீ பக்கத்தில் நிற்பது போலிருந்தது.

ஆறு வருடங்களுக்கு முன் இதே கடைக்கு உன் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். கண் அழுத்த நோயால் நீ பார்வையை இழந்து அப்போது பத்து வருடமாகியிருந்தது. வெளிநாட்டிலிருந்து உன் மகள் அனுப்பும் மின்னஞ்சல்களைக் களுதாவளையில் உன் வீட்டுக்கு வந்து நான்தான் வாசித்துக் காட்டுவேன். இனி அவற்றைத் தானே வாசித்துச் சொல்லும் கணினி ஒன்று வேண்டும் என்றாய்.

"பெரிய திரை சேர், படமெல்லாம் பளிச்செண்டு தெரியும்" என்றார் கடைக்காரர், உன் கறுப்புக் கண்ணாடியைக் கவனிக்காமல்.

"திரை எவ்வளவு சின்னனெண்டாலும் காரியமில்ல தம்பி. சத்தத்தைக் காட்டுங்க" என்றாய் நீ.

ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்துக் கேட்டாய். "இது கனக்க இரையுது. வாசிக்கிற குரலை மூடிப்போடும்" என்று இரண்டை ஒதுக்கினாய். விசைப்பலகைகளைத் தடவி, சுட்டுவிரல்களுக்கு அடையாளமான சிறு மேடுகள் நன்றாகத் தட்டுப்படும் ஒன்றை எடுத்தாய். கடையில் நின்றவர்கள் எல்லாரும் உன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மட்டும் பயத்தோடு நின்றேன். மகளின் ஒரு மடலில் பாதியை நான் உனக்கு வாசிக்கவில்லை. வயிற்றிலிருந்த பிள்ளை தங்கவில்லை என்று எழுதியிருந்தாள். நெஞ்சு வருத்தம் வந்து நீ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது. அந்தப் பகுதியைத் தாண்டிவிட்டேன்.

"உனக்கு இது என்னத்துக்கு? நான் வாசிக்கிறன்தானே" என்று சொல்லிப் பார்த்தேன். நீ சிரித்தாய்.

கணினி வீட்டுக்கு வந்தது. எழுத்தைக் குரலாக்கும் வசதியைப் போட்டதும், நீ முதலில் கேட்டது அந்த மடலைத்தான். இயந்திரக் குரல் எதையும் விடாமல் வாசித்தது. உன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"மச்சான், இந்த இடத்திலதான் அண்டைக்கு நீ இருமினாய்."

கையை நீட்டி அந்த இயந்திரக் குரலை நிறுத்தினேன்.

"இருமிப்போட்டுக் குரலை மாத்தி வாசிச்சாய். என்னமோ இரிக்கி எண்டு விளங்கிச்சு. அடுத்த நாளே பிள்ளைக்குப் போன் எடுத்தன். எல்லாம் சொல்லி அழுதாள்."

"அப்ப ஏன் என்னட்டக் கேக்கல்ல?"

"எனக்காகத்தானே மறைச்சாய். கேட்டா நீ நொந்து போவாய். இனி நீ இப்பிடிக் கஷ்டப்படப்படாது எண்டுதான் இந்தப் பெட்டியை வாங்கினன்."

கண் தெரிகிற நான் உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்திருந்தேன். நீயோ ஒரு இருமலில் என் மனதையே வாசித்து, அதைச் சொல்லாமல் என்னைக் காப்பாற்றியிருக்கிறாய். அந்த வியப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

நீ எங்களை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. போன மாதம் என் தம்பியின் மருத்துவ அறிக்கை வந்தது. நல்ல செய்தி இல்லை. "என்ன போட்டிரிக்கி அண்ணன்?" என்று கேட்டான். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரி வரை வாசித்தேன்.