சிவப்புத் தாள் ஒட்டிய புஸ்வாணம்

பீன்யா, பெங்களூர்
17.11.1996, ஞாயிறு

அன்புள்ள உமேஷுக்கும், இதை அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டப்போகும் அவன் அம்மா லட்சுமம்மா அத்தைக்கும்,

இதனால் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இருக்கும் சகலருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், நம் கணக்கு வாத்தியார் பாலசுப்ரமணியன் அவர்களின் மீசை சென்ற புதன்கிழமை காலை மறைந்தது. இருபத்திரண்டு வருடம் ஒரே மூக்கின் கீழ் ஒருநாள் லீவுகூட எடுக்காமல் வேலை பார்த்த மீசை. தீபாவளியன்று பக்கத்து வீட்டுப் பையன் சுற்றிய சாட்டையில் வலது பாதி கருகிவிட்டது. சார் கணக்கு வாத்தியார் அல்லவா, இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று இடது பாதியையும் கழித்துவிட்டார். மீதி பூஜ்யம். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியதில் எனக்குத்தான் விக்கல் வந்து, வெளியே நிற்க வைத்துவிட்டார்.

அத்தை, நானும் உமேஷும் படிப்பது கன்னட மீடியம். உங்களுக்குப் படிக்க வருவது தமிழ். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். ல, ள, ழ மூன்றும் ஒன்றுக்கொன்று இடம் மாறி உட்கார்ந்திருக்கும். நீங்களே எழுப்பி அதனதன் இடத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் தங்கை ரூபினி எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறாள், அம்மா பக்கத்தில்தான் தூங்குகிறாள். என்னோடு மட்டும் பேசுவதில்லை. முந்தாநாள் அவள் தட்டில் இருந்த அப்பளத்தை எடுத்தேன். வழக்கமாக என் கையைக் கடிப்பாள். இந்தத் தடவை தட்டையே என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். அரையாண்டுப் பரீட்சை டிசம்பரில். அரைப் பரீட்சைக்கு அரை மார்க் போதாதா என்று கேட்டதற்கு அப்பா முறைத்தார். உன் நோட்டை நான்தான் எழுதுகிறேன். சயின்ஸ் வரை முடித்தாயிற்று.

இன்னொரு செய்தி. உன் நண்பன் இப்போது பள்ளிக்கூடத்தில் பெரிய ஆள். வியாழக்கிழமை பிரேயரில் ஹெட்மாஸ்டர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். பட்டாசு பட்டால் கண்ணைத் தேய்க்கக் கூடாது, அழுத்தக் கூடாது, வீட்டு வைத்தியம் எதுவும் ஊற்றக் கூடாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும், இதையெல்லாம் இந்தப் பையன் தெரிந்துவைத்திருந்து நண்பனின் இரண்டு கையையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான் என்று சொன்னார். எழுநூறு பேர் கை தட்டினார்கள். பாலசுப்ரமணியன் சார் ஒரு ஹீரோ பேனா கொடுத்தார். இந்தக் கடிதம் அந்தப் பேனாவில்தான் எழுதுகிறேன். நன்றாக எழுதுகிறது.

இதுவரை எழுதியதையே மூன்று தடவை எழுதிக் கிழித்தேன், உமேஷ். ஒவ்வொரு தடவையும் மீசையில் ஆரம்பித்துப் பேனாவில் வந்து நின்றுவிடுகிறது.

நேற்று அத்தை மளிகைக் கடைக்குப் போன் பண்ணினபோது நானும் உங்கப்பா நாராயணசாமி மாமா பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டிருக்கிறது, இடது கண் பரவாயில்லை, வலது கண்ணில்தான் வீக்கம் குறையவில்லை, உள்ளே சரியாகப் பார்க்க முடியவில்லை என்று டாக்டர் சொன்னதாக அத்தை சொன்னார்கள். வெறும் தீப்புண் என்றால் மருந்திலேயே ஆறும், ஏதாவது உள்ளே போயிருந்தால் சீக்கிரம் எடுத்தாக வேண்டும், வெடித்தது என்ன சாமான் என்று நன்றாக விசாரித்துச் சொல்லுங்கள் என்று கேட்டாராம். மாமா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். தயா, நீதானே பக்கத்துல இருந்தே, என்னடா அது என்று கேட்டார். கடையில வாங்கின புஸ்வாணம்தான் மாமா என்றேன். அவர் அதையே அப்படியே போனில் சொன்னார். நீயும் அதையேதான் சொன்னாயாம். நீ பொய் சொல்லவில்லை. உனக்கு அவ்வளவுதான் தெரியும்.

அது கடையில் வாங்கினது இல்லை, உமேஷ்.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் நான் மட்டும் முதலில் எழுந்து, நம் தெருவில் வெடிக்காமல் கிடந்ததையெல்லாம் பொறுக்கினேன். ஒவ்வொன்றாகப் பிரித்து மருந்தைக் கொட்டி, எரிந்துபோன புஸ்வாணச் சட்டி ஒன்றில் அடைத்தேன். உன்னை ஏமாற்றுவதற்காக மேலே புதுச் சிவப்புத் தாள் ஒட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். என் அப்பாவுக்கு நாம் சாப்பாடு கொண்டுபோகும்போது ஒர்க்‌ஷாப்பில் கிரைண்டிங் மிஷினுக்கு அடியில் இரும்புத் தூள் குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பாய். மிஷினிலிருந்து பறக்கும்போது அது தங்கப் பொறியாகத்தானே பறக்கும். அதைக் கலந்தால் நம் லைன் வீடுகளிலேயே யாரும் பார்க்காத புஸ்வாணமாக இருக்கும் என்று நினைத்தேன். தீபாவளிக்கு முன்பே ஒரு பிலிம் டப்பா நிறைய அள்ளிவந்து பரணில் வைத்திருந்தேன். அது முழுவதையும் கொட்டினேன்.

பற்றவைத்தபோது பிடிக்கவில்லை. ஒரு கோடு புகை வந்து நின்றுவிட்டது. என் மானம் போகிறதே என்று இருந்தது. நமத்துப்போச்சுடா, கிட்டப் போய் ஊது, பிடிச்சுக்கும் என்று உன்னிடம் சொன்னது நான்தான். நீயாகக் குனிந்தாய் என்று லைன் முழுக்கச் சொல்லி வைத்திருப்பதும் நான்தான். நான் ஊதச் சொன்னதை நீ இதுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை என்று அத்தை போனில் பேசியதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

நேற்று மத்தியானம் ஒர்க்‌ஷாப்பில் மேஸ்திரியிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன், இரும்புத் தூள் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று. அவர் ஆணியில் தொங்கிய பாதுகாப்புக் கண்ணாடியைக் காட்டினார். பேக்டரி இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு மட்டும்தான் எல்லோரும் அதை மாட்டுவார்கள், உனக்கே தெரியும். முன்பு இங்கே ஒருத்தர் அதை மாட்டாமல் மிஷினில் நின்றாராம். கண்ணில் ஏதோ விழுந்த மாதிரி இருந்ததாம், வலி நின்றதும் விட்டுவிட்டாராம். உள்ளே போன இரும்பு கண்ணுக்குள்ளேயே துருப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய்விட்டதாம். ஏன்டா கேக்கறே என்றார் மேஸ்திரி. ஸ்கூல்ல கேட்டாங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அத்தை, கடிதத்தை இந்த இடத்தில் மடித்து வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். இரும்புத் தூள் என்று சொல்லுங்கள். ஒரு பிலிம் டப்பா முழுக்க. உமேஷ் ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்திருந்தான். மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

மீதி இதுதான். உன் கையைப் பிடித்துக்கொண்டது நான் இல்லை. ரூபினி. பத்து வயசுப் பெண், உன் மார்மேலேயே ஏறி உட்கார்ந்து, தேய்க்காதேண்ணா, தேய்க்காதேண்ணா என்று இரண்டு மணிக்கட்டையும் அழுத்திப் பிடித்திருந்தாள். நீ உதைத்ததில் அவள் உதடு கிழிந்தது. சந்திரம்மா அக்கா விளக்கெண்ணெயோடு ஓடிவந்தபோது, எதுவும் ஊத்தக்கூடாது என்று கத்தியதும் அவள்தான். ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி நர்ஸ் காந்தா அக்கா வந்து, டீக்கடை பிளாஸ்டிக் கப்பை உன் கண்மேல் படாமல் கவிழ்த்து, ஓரத்தை மட்டும் ஒட்டி ஆட்டோவில் ஏற்றினார்கள். அவ்வளவு நேரமும் நான் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, எட்டி எட்டிப் பார்த்தபடி என் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். விரலெல்லாம் கறுப்பாக இருந்தது, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று. நகத்துக்குள் போனது வரவே இல்லை. ஆட்டோ கிளம்பின பிறகுதான் வெளியே வந்தேன். நீ பிடிச்சிருந்தியாடா என்று அப்போதுதான் வந்த யாரோ கேட்டார்கள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லாம் தானாக மேடை வரைக்கும் போய்விட்டது.

உங்கப்பா இன்று சாயங்கால பஸ்ஸுக்குக் கோயம்புத்தூர் கிளம்புகிறார். கடிதத்தை அவர் பையில் போட்டு அனுப்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மாமாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என் பொய்யைப் போனில் சொன்ன அதே மனுஷன், நான் எழுதிய நிஜத்தையும் என்னவென்று தெரியாமலே ராத்திரி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வரப்போகிறார். அதைவிட, நாளைக் காலை வரைக்கும் டாக்டருக்கு எதுவும் தெரியாது. இது சரியில்லை என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டியிருந்தது. பேனாவை மூடிவிட்டுப் போகிறேன். வந்து மீதியை எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். மணி நாலரை.

மாமா சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அடிக்கவில்லை. எவ்வளவு தூள்டா என்று மட்டும் கேட்டார். என் மணிக்கட்டைப் பிடித்து எஸ்.டி.டி. பூத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்க்கும், உன்னை அங்கே கொண்டுவந்து சேர்க்கச் சொன்ன உன் சாமிநாதன் மாமாவே போனை எடுத்தார். உங்கப்பா ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டார். முதல் தடவை இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை அவருக்குப் புரியவில்லை. மூன்றாவது தடவை கத்திச் சொன்னேன். பூத்துக்கு வெளியே நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இப்பவே டாக்டரிடம் ஓடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தார். திரும்பி வரும் வழியில் ரோடு தாண்டும்போதும் உங்கப்பா என் மணிக்கட்டை விடவில்லை.

அதனால் இந்தக் கடிதம் வருவதற்குள் உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். டாக்டர் என்ன சொன்னார், நேரமாகிவிட்டதா என்று எனக்குத்தான் தெரியாது. நாளை பிரேயரில் ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சொல்லப்போகிறேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், ரூபினிக்குக் கொடுங்கள் என்பேன். அவள் என் கையிலிருந்து வாங்கமாட்டாள்.

அத்தை, உங்களிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. எழுதிப் பார்த்தால் எல்லாமே தமாஷ் மாதிரி இருக்கிறது. அதனால் கேட்காமல் விடுகிறேன்.

உமேஷ், என்னைத் திட்ட வேண்டுமென்றால் யாரிடமும் சொல்லி எழுத வைக்காதே. எத்தனை நாள் ஆனாலும் சரி, கட்டை அவிழ்த்த பிறகு நீயே எழுது. கோடு போட்ட தாளில், கோட்டின்மேலேயே, ஒரு வரிகூடக் கீழே இறங்காமல் எழுது. எவ்வளவு கெட்ட வார்த்தை வேண்டுமானாலும் எழுது.

இப்படிக்கு,
தயாளன்