எதிராளியின் நியாயம்

2025 ஜூன் 7, சனி

இன்று தத்துவ வகுப்பில் சேர்ந்துவிட்டேன். ஒத்தக்கடையில் ஒரு கல்லூரி, வயதானவர்களும் வரலாம் என்று சனிக்கிழமை மதியம் நடத்துகிறது. ஆறு வாரம்தான். பள்ளிக்கூட ஆபீஸ் வேலையையும் வைத்துக்கொண்டு, ஐம்பத்தாறு வயதில் இது தேவையா? என் வீட்டுக்காரர், இவரும் அதையேதான் கேட்டார். "பொழுது போகலைன்னா நம்ம தெரு அன்பிய ஜெபக் கூட்டத்துக்குப் போயேன் மேரி."

காரணத்தை இவரிடம் சொல்லவில்லை. எங்கள் மகன் ஜோ, பாதிரியாராகப் படிக்கக் குருமடத்தில் சேர்ந்து நன்றாகத்தான் இருந்தான். தத்துவம் இரண்டாம் வருஷம் படிக்கும்போதுதான் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். சாமியாராகப் போகிறவன் என்று பங்குக் கோயில் ஜனமே பேசிய பிள்ளை, இப்போது திருச்சியில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு சொல்லித்தருகிறான். ஒரு வருஷமாக என்னோடு பேச்சில்லை. இல்லை — நான்தான் அவன் போனை எடுப்பதில்லை.

அந்தப் படிப்பில் அப்படி என்னதான் இருக்கிறது? பார்த்துவிட வேண்டும்.

ஜூன் 14

பயந்த மாதிரி எதுவும் இல்லை. ஆசிரியை ரோகிணி சின்னப் பெண். கடவுள் இல்லை என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு பஸ்ஸின் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால், கடைசியில் அது அதே பஸ்ஸா, வேறு பஸ்ஸா என்று கேட்டார். பரவை மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கும் பாண்டியராஜன் அண்ணன் எழுந்து, "ஆர்.சி. புக்கு அதேன்னா வண்டியும் அதேதான் மேடம்" என்றார்.

வாய்விட்டுச் சிரித்தேன். திரும்பி வரும்போது, இது ஜோவுக்குப் பிடிக்குமே என்று தோன்றியது. உடனே எரிச்சலும் வந்தது.

ஜூன் 21

காய்ச்சல். போகவில்லை. என்ன பேசினார்களோ.

ஜூன் 28

இன்று பெரிய அவமானம்.

நமக்குப் பிடிக்காத முடிவை எடுத்த ஒருவரின் நியாயத்தை, அவரே பேசுவதுபோல் பேச வேண்டும். கேட்டால் அவரே "ஆமா, இதான்" என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இதுதான் பயிற்சி. நான் எழுந்து, "குருமடத்தை விட்டு வந்துட்டேன். படிப்பு தலைக்கேறி எனக்கு விசுவாசம் போயிருச்சு" என்று ஆரம்பித்தேன்.

ரோகிணி மெதுவாகக் கேட்டார்: "இது அவர் சொன்னதாம்மா, நீங்க நினைக்கிறதா?"

அவன் எங்கே சொன்னான்? நான் எங்கே கேட்டேன்? வந்த அன்னைக்கே என் முகத்துல முழிக்காதேன்னு சொன்னவதானே நான். அத்தனை பேர் முன்னாலும் அழுதுட்டேன். பாண்டியராஜன் அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அடுத்த வாரம் முடித்துக்கொள்ளலாம் என்றார் ரோகிணி.

ஜூலை 1

போனைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

காலையில் கோயிலில் தோமையார் திருநாள் பூசை. தானே பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற சீடர் அவர். வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் அவனைக் கூப்பிட்டேன்.

"அம்மா? அப்பாவுக்கு என்ன ஆச்சு?" பாவம், பயந்துவிட்டான்.

"அப்பா நல்லாத்தான் இருக்காரு. எனக்கு ஒரு ஹோம்வொர்க்குடா, அதுக்குத்தான்." வேறு எப்படி ஆரம்பிப்பது? வகுப்பைப் பற்றிச் சொன்னேன். நீ ஏன் வெளியே வந்தாய் என்று கேட்டேன். குறுக்கே பேசாமல் இருந்தேன். எம்புட்டு கஷ்டம் அது!

"சாமி மேல கோவம் இல்லம்மா. படிப்பும் காரணம் இல்ல, அங்க எனக்கு ரொம்பப் புடிச்சதே அதுதான். ஆஸ்பத்திரிக்கு எங்களை அனுப்புவாங்க. நோயாளிகளுக்கெல்லாம் ஆறுதல் சொல்லிட்டு ரூமுக்கு வருவேன், நான் பேச ஆளிருக்காது. ஆயுசு பூரா இப்படி இருக்க என்னால ஆகாதும்மா. எனக்குன்னு ஒரு குடும்பம் வேணும். அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

இம்புட்டுத்தானா?

"ஜெபம் பண்றியாடா?" கேட்கக்கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன்.

"பண்ணுவேன். சில நாள் பண்றதில்ல."

என்னைச் சமாதானப்படுத்த ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுவே போதும் என்று இருந்தது. ஒரு வருஷமாகப் பிள்ளை கெட்டுப்போனான், கெட்டுப்போனான் என்று மனசுக்குள் புலம்பிக்கொண்டிருந்தேனே, அது நின்றது. பிறகு பஸ் கதையைச் சொன்னேன். ஆர்.சி. புக்கைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

இவர் சமையல்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். காபியைக் கலந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 5

வகுப்பில் பேசி முடித்தேன். நேற்றே அவனுக்குப் போனில் வாசித்துக் காட்டி, "ஆமாம்மா, இதேதான்" என்று சொல்ல வைத்திருந்தேன். ரோகிணி தலையாட்டினார். பாண்டியராஜன் அண்ணன், "அப்புறமென்ன, பொண்ணு பாக்க வேண்டியதுதானே!" என்றதும் வகுப்பே சிரித்தது.

அவனைப் பூசை உடுப்பில் பார்க்கும் ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் அது என் ஆசை.

ஜூலை 12

கடைசி வகுப்பு. முடிந்து வெளியே வந்தால் கேட் பக்கத்தில் ஜோ நிற்கிறான். திருச்சி பஸ்ஸிலிருந்து ஒத்தக்கடையிலேயே இறங்கிவிட்டானாம். இளைத்துப் போயிருக்கிறான். "வீட்டுக்கு வரலாமாம்மா?" என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்வியா இது? அவன் பையைப் பிடுங்கி நான் தூக்கிக்கொண்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

முதல் பூசைக்குக் கிளம்பும்போது ஜோ தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பட்டுமா என்று இவர் ஜாடையில் கேட்டார். வேண்டாம் என்றேன். ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் போய்வந்தோம்.