அக்காவுக்கு ஒரு மரத்தரை

12 ஜூன் 2006, திங்கள்

இன்றும் அக்கா கட்டிலை விட்டு இறங்கவில்லை. காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோதும் அதே இடம், அதே இருப்பு. கீரை மட்டும் முடிந்திருந்தது.

பிப்ரவரியில் ஹாலில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு உடைந்து, வேலூரில் ஆபரேஷன். போன வாரம் புது எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "எலும்பு அருமையா சேர்ந்திருக்கு. இனிமே இவங்க நடக்கலைன்னா அது எலும்போட தப்பு இல்லை" என்றார். பின்னே யார் தப்பு? டைல்ஸ் தப்பு என்கிறாள் அக்கா. ஹவுஸ் ஓனர் ஆசை ஆசையாகப் போட்ட வெள்ளை டைல்ஸ். வெளிச்சம் பட்டால் தண்ணீர் நிற்கிற மாதிரியே இருக்கும். வாக்கரைக் கொடுத்து நிற்க வைத்தால் குனிந்து தரையைப் பார்க்கிறாள். கால் உதற ஆரம்பிக்கிறது. "விட்டுடு கஸ்தூரி, விட்டுடுடி" என்று கெஞ்சுகிறாள்.

இருபது வருஷத்துக்கு மேல் சத்துணவுக் கூடத்தில் அண்டா அண்டாவாகச் சோறு வடித்தவள். அத்தான் போன பிறகு அந்தச் சம்பளத்தில் என்னைப் படிக்க வைத்து டெலிபோன் ஆபீசில் உட்கார வைத்தவள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. எனக்கு அது தாங்கவில்லை.

14 ஜூன்

ஓர் அடி வைத்தாள். அடுத்த அடிக்கு அழுதாள். நானும் அழுதேன், ஆனால் கிச்சனில்.

29 ஜூன், வியாழன்

இன்றுதான் கவனித்தேன். நான் காலையில் வைத்துவிட்டுப் போகிற சொம்புத் தண்ணீர் மதியம் அப்படியே இருக்கிறது. எல்லம்மாளைக் கேட்டேன். காலையில் வந்து பெருக்கிப் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போகிறவள் அவள். "அம்மா தண்ணியே குடிக்கிறது இல்லம்மா. நீங்க வர்ற வரைக்கும் பாத்ரூம் போவாம இருக்கணும் இல்ல?" என்றாள்.

இத்தனை நாள் எனக்கு இது தெரியவே இல்லையா? இந்த வெயிலில்? நான் இல்லாத நேரத்தில் அவள் தானாக எழுந்து நடக்க வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

3 ஜூலை, திங்கள்

கோரைப்பாய், கயிற்றுப்பாய், சாக்கு, பழைய கார்பெட் எல்லாம் விரித்துப் பார்த்தாயிற்று. எல்லாமே டைல்ஸ் மேல் நழுவுகின்றன. வீடு கோணி மண்டி மாதிரி ஆனதுதான் மிச்சம்.

வெட்கத்தை விட்டு எதிர் வீட்டுக்குப் போய் ஓனர் ராஜமாணிக்கம் சாரிடம் கேட்டேன். டைல்ஸைப் பெயர்த்துவிட்டுப் பழைய மாதிரி சிமெண்டுத் தரை போட்டுக்கொள்ளலாமா, செலவு என்னுடையது. மனுஷன் நெஞ்சில் கை வைத்துவிட்டார். "இன்னாம்மா பேசறீங்க? பெங்களூர்ல இருந்து லாரி வச்சு எறக்கின டைல்ஸ்மா. பேத்துட்டா திரும்பக் கெடைக்குமா?" பெற்ற பிள்ளையைப் பற்றிக்கூட அவர் இவ்வளவு உருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை. கோபமாகத் திரும்பி வந்தேன். சாயங்காலம் அவர் மனைவி ஒரு தூக்கில் அக்காவுக்கு ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்து கொடுத்தார். இவர்களிடம் கோபத்தைக் காப்பாற்றுவதே பெரும்பாடு.

19 ஜூலை, புதன்

எங்கள் லைன்மேன் காசியிடம் புலம்பியிருந்தேன். இன்று வந்து சொல்கிறார்: "மேடம், ஆசிரமத்துக்கு அந்தாண்ட ஒரு கெஸ்ட் ஹவுஸ் மாடியில யோகா கிளாஸ் நடக்குது. போன் ரிப்பேருக்குப் போனேன். தரையெல்லாம் பலகை. கீழ டைல்ஸ்தானாம், அதும் மேலயே போட்டிருக்காங்க. ஒடைக்கவே இல்ல."

உடைக்கவே இல்லை! காசிக்கு டீயோடு போண்டாவும் வாங்கிக் கொடுத்தேன்.

22 ஜூலை, சனி

போய்ப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். வழுக்கவில்லை. காலுக்குச் சில்லென்றும் இல்லை. முக்கியமாக, தண்ணீர் மாதிரி மின்னவில்லை. வேலை செய்தவர் அடி அண்ணாமலையைச் சேர்ந்த அறிவுச்செல்வன். அவரை அங்கேயே வரவழைத்தார்கள். பேச்சென்றால் அப்படியொரு பேச்சு. பெங்களூரில் தான் தரை போடாத ஆபீசே இல்லை என்றார். நடுநடுவே, எங்கள் எதிரில் நின்றுகொண்டே, செல்போனில் யாரிடமோ தான் செங்கத்தில் இருப்பதாகச் சொன்னார்.

உண்மையில் இது மரமே இல்லையாம். மரத்தூளை அழுத்திப் பலகையாக்கி, மேலே மரம் மாதிரி ஒரு படத்தை ஒட்டி, அதன் மேல் கெட்டியாக ஒரு பூச்சு. லாமினேட் என்று பெயர். ஆணி இல்லை, பசை இல்லை, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். வேண்டாமென்றால் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடலாம். ராஜமாணிக்கம் சாருக்கு இதை மூன்று தரம் விளக்கினேன். கடைசியில், "என் டைல்ஸ்ல ஒரு கீறல் விழக் கூடாது" என்று ஒத்துக்கொண்டார். நல்லா இருக்கட்டும்.

12 ஆகஸ்ட், சனி

சென்னையிலிருந்து பெட்டிகள் வந்துவிட்டன. உடனே பிரிக்கக் கூடாதாம். நம் வீட்டுக் காற்றுக்குப் பழகட்டும் என்று ஹாலில் படுக்கப் போட்டுவிட்டு அறிவுச்செல்வன் போய்விட்டார். "மாப்பிள்ளை வூட்டுக்காரங்க மாதிரி இல்ல வந்து படுத்துக்கினு இருக்குது" என்கிறாள் அக்கா. பல நாள் கழித்து அவள் வாயிலிருந்து ஒரு கிண்டல்.

15 ஆகஸ்ட், செவ்வாய்

நேற்றும் இன்றும் வேலை. நேற்று லீவு போட்டேன், இன்று சுதந்திர தினம். தூசி ஆகாது என்று அக்காவை நாற்காலியோடு தூக்கி எதிர் வீட்டில் உட்கார வைத்தோம். நாற்காலியின் ஒரு கால் பக்கம் ராஜமாணிக்கம் சாரே பிடித்தார், மூச்சு வாங்க வாங்க.

முதலில் டைல்ஸ் மேல் மெத்தென்று ஒரு ஃபோம் ஷீட். அதன் மேல் பலகைகள். சுவரோரம் விரல் தடிமனுக்கு இடைவெளி விட்டார். ஏன் என்றால், வெயிலில் பலகை கொஞ்சம் விரியும், இடம் இல்லாவிட்டால் நடுவில் எழும்பிவிடும் என்றார். பிறகு அதைப் பட்டையால் மூடினார். தரை உயர்ந்துவிட்டதால் கதவுகள் தட்டின. அடியில் இழைக்க வேண்டியிருந்தது. பேச்சு சுவாரசியத்தில் பெட்ரூம் கதவை ஜாஸ்தியாகவே இழைத்துவிட்டார். இப்போது அதன் அடியில் பூனைக்குட்டி புகுந்து போகலாம். "காத்து வரும் மேடம், நல்லதுதான்" என்றார். திட்ட மனசு வரவில்லை.

ஹால், பெட்ரூம், பாத்ரூம் வரைக்கும் போகிற வழி எல்லாம் பலகை. கிச்சனில் மட்டும் டைல்ஸே இருக்கட்டும், அங்கே தண்ணீர் புழங்கும் என்றார். பாத்ரூம் ஏற்கெனவே சொரசொரப்புக் கல்தான். போகும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: தண்ணீர் ஊற்றவே கூடாது. துணியை ஒட்டப் பிழிந்து துடைக்கலாம், அவ்வளவுதான். தண்ணீர் இறங்கினால் ஊதிப்போகும். நான் எல்லம்மாளுக்குச் சொன்னேன். ஓனர் வீட்டம்மாவுக்குச் சொன்னேன். பால்காரரைக்கூட விடவில்லை.

16 ஆகஸ்ட், புதன்

அக்கா கட்டிலில் உட்கார்ந்தபடியே பாதத்தைத் தரையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். வெகு நேரம். பிறகு வாக்கரைப் பிடித்து எழுந்தாள். குனிந்து பார்த்தாள்.

"மின்னல" என்றாள்.

ஜன்னல் வரைக்கும் போனாள். நான் தொடவே இல்லை. கடவுளே, அருணாசலா, காசி, அறிவுச்செல்வன், ராஜமாணிக்கம் சார் எல்லோரும் நூறு வருஷம் இருக்கணும்.

10 செப்டம்பர், ஞாயிறு

வாக்கரோடு ஹால் முழுக்கச் சுற்றுகிறாள். கிரிவலம் என்று பெயர் வைத்திருக்கிறேன். முறைக்கிறாள்.

27 அக்டோபர், வெள்ளி

வாக்கர் போய்க் கைத்தடி வந்துவிட்டது. நன்றாகவே நடக்கிறாள் – நான் வீட்டில் இருந்தால். இல்லாவிட்டால் எல்லம்மாள் இருந்தால். ஆள் இல்லையென்றால் கட்டில்தான். சொம்புத் தண்ணீர் இன்னும் அப்படியே இருக்கிறது. "விழுந்தா யாரு தூக்குவா?" என்கிறாள். கிச்சன் வாசல் வரைக்கும் வருகிறாள், உள்ளே டைல்ஸைப் பார்த்ததும் நின்றுவிடுகிறாள். அங்கே நின்றே எனக்குச் சமையல் சொல்லித் தருகிறாள், நாற்பது வயசில்.

பேராசைப்படாதே கஸ்தூரி. ஜூனில் எப்படி இருந்தாள், நினைத்துப் பார்.

1 டிசம்பர், வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தீபம் நெருங்கிவிட்டது. ஊருக்குள் பஸ் நுழைய முடியவில்லை. போலீஸ் கண்ட்ரோல் ரூமுக்குத் தற்காலிக போன் லைன் கொடுக்கிற வேலையில் எங்களுக்கு நிமிரக்கூட நேரமில்லை. எல்லம்மாள் கிரிவலப் பாதையில் அகல் விளக்குக் கடை போட்டிருக்கிறாள், இந்த வாரம் வரமாட்டாள். காலையில் செருப்பு மாட்டும்போது அக்கா கேட்டாள்: "தீபத்துக்கு முன்ன வர்ற வெள்ளி இது. வீடு கழுவ யாரு வரா?" "யாரும் வரலக்கா. ஒரு வருஷம் கழுவலைன்னா சாமி கோவிச்சுக்காது" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

மதியம் வர முடியவில்லை. நாலு மணிக்கு வந்து கதவைத் திறந்தால் – ஹாலெல்லாம் ஈரம். காலை வைத்தால் பலகைக்கு அடியில் சளக் சளக்கென்கிறது. பூஜை அலமாரி முன்னால் மஞ்சள் தண்ணீர் தேங்கி, அங்கே பலகையின் ஓரமெல்லாம் ஊறிய அப்பளம் மாதிரி மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் தென்னந்துடைப்பம்.

கத்தினேன். என்னென்னவோ கத்தினேன். யாரு ஊத்துனது, யாரு வந்தா, எவ்ளோ கஷ்டப்பட்டுப் போட்டது, தண்ணி ஆவாதுன்னு ஊருக்கே சொல்லி வச்சிருக்கேனே, ஒருத்தர் காதுலயுமா ஏறல – அப்படியே கத்திக்கொண்டே துணியைப் போட்டுத் தண்ணீரை ஒற்றி எடுத்தேன்.

அக்கா மெதுவாக, "எங்கிட்ட யாரும் சொல்லலியேடி" என்றாள். "எல்லம்மா ஈரத் துணியால சும்மா இழுத்துட்டுப் போறா, வேலைக்கு ஏமாத்துறான்னு இல்ல நெனச்சேன்."

உண்மைதான். ஊருக்கே சொன்னேன், அவளுக்குச் சொல்லவில்லை. கட்டிலில் கிடக்கிறவள் எங்கே தண்ணீர் ஊற்றப் போகிறாள் என்று...

நான் இன்னும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அவள் தன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "பாதி பக்கெட்டுதான் தூக்க முடிஞ்சுது. அதான் திரும்பத் திரும்பப் போயிட்டு வந்தேன்."

துணி கையிலிருந்து விழுந்துவிட்டது.

யார் போய்விட்டு வந்தது? வீட்டில் ஒருத்தரும் இல்லை. ஒரு கையில் தடி, ஒரு கையில் பக்கெட். பாத்ரூமுக்கும் ஹாலுக்கும். ஈரத் தரையில்! நிமிர்ந்து பார்த்தால் கைத்தடி கட்டிலோரம் சாத்திக் கிடக்கிறது, இங்கே இல்லை. "தடி எங்கக்கா?" என்றேன். "துடைப்பம் புடிக்கிறதா, தடி புடிக்கிறதா?" என்று எரிந்து விழுந்தாள்.

நான் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். "தரை போனா போவுதுடி, எதுக்கு இப்டி அழுவுற?" என்று அவள் என் தலையைத் தடவினாள். தரைக்காக அழுகிறேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

2 டிசம்பர், சனி

அறிவுச்செல்வன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பூஜை அலமாரி முன்னால் இருக்கிற பலகைகளைக் கழற்றி எடுத்துவிட வேண்டும், மற்றதைப் பட்டையைக் கழற்றிக் காயவிட்டால் தப்பிக்கலாம் என்றார். "யார் மேடம் இப்படிப் பண்ணது?" என்று கேட்டார். "எங்க அக்கா" என்றேன். சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன் போல, ஒரு மாதிரி பார்த்தார்.

10 டிசம்பர், ஞாயிறு

தீபம் நல்லபடியாக முடிந்தது. மற்ற இடமெல்லாம் காய்ந்துவிட்டது. பூஜை அலமாரி முன்னால் மட்டும் பழைய டைல்ஸ் தெரிகிறது. மாற்றுப் பலகை சென்னையிலிருந்து வர ஒரு மாதம் ஆகுமாம். அக்கா அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறாள்.

இன்று மதியம் வந்தபோது சொம்பு காலி. நிரப்பி வைத்தேன்.

12 ஜனவரி 2007, வெள்ளி

பலகை வந்துவிட்டது, பொங்கலுக்குள் முடித்துவிடுகிறேன் என்று அறிவுச்செல்வன் மதியம் வந்தார். நானும் சாப்பிட வந்திருந்தேன். அவர் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா தடுத்துவிட்டாள்.

"இங்க போட வாணாம் தம்பி. பலகை மேல மாக்கோலம் போட முடியல. சாமிக்கு முன்னால இந்த எடம் கழுவுற மாதிரியே இருக்கட்டும்."

"திரும்ப வழுக்கிடப் போவுதும்மா" என்றார் அவர்.

"பாத்து நின்னா எதுக்கு வழுக்குது?" என்றாள் அக்கா.

அரிசி மாவுக் கிண்ணம் ஒரு கையில். தரையில் கோலத்தின் ஈரம் இன்னும் காயவில்லை. அந்த வெள்ளை டைல்ஸின் மேல்தான் வெறுங்காலோடு நின்று அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அறிவுச்செல்வன் என்னைப் பார்த்தார். நான் பெட்டியை மூடிவிடச் சொல்லிச் சைகை செய்துவிட்டு, அவருக்கு மோர் கொண்டுவர உள்ளே போனேன்.