மோர்னிங்சைட் பூங்காவில் எடுத்த படம்

நவம்பர் 9, ஞாயிறு

இலைகள் சிவந்திருப்பதைப் பார்க்கப் பிந்திப் போனோம். மேப்பிள் இலைகள் கொட்டிவிட்டன. ஓக் மரங்களில் மட்டும் செம்பழுப்பு மிஞ்சியிருந்தது. குடும்பப் படம் எடுத்தபின் மருமகள் என்னை மறித்தாள்.

“மாமி, தனிய ஒண்டு எடுப்பம். கண்ணாடியைக் கழட்டுங்கோ.”

“ஏன், மரண அறிவித்தலுக்கோ?”

அவள் முகம் வெளிறியது. மகன் மரத்தைப் பார்த்தான். இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

என்னவர் இறந்தபோது அவசரத்துக்கு ஒரு கலியாணவீட்டுப் படம்தான் கிடைத்தது. மற்றவர்களை வெட்டி எடுத்தும் அவர் தோளில் யாரோ ஒருவரின் கை தெரிந்தது. எனக்கு அப்படி வேண்டாம். கோட்டைக் கழற்றிச் சேலைத் தலைப்பைச் சரிசெய்து நிமிர்ந்து நின்றேன்.

“கண்ணாடி இருக்கட்டும். கெதியா எடு பிள்ளை, குளிருது.”

படம் பரவாயில்லை. பின்னணிதான் மங்கல். அடுத்த வருடம் இலை சிவந்திருக்கும்போதே கூட்டிப்போகச் சொல்லவேண்டும். இன்னும் நல்லதாக எடுக்கலாம்.