அல்டர் ஓடையைச் சுத்தம் செய்யாதிருக்க வேண்டி

அனுப்புநர்:
ஐலீன் ருவோனா,
ருவோனா பால் பண்ணை,
அல்டர் ஓடைச் சாலை,
வாஷிங்டன் மாநிலம்.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
கீழ்ப்பள்ளத்தாக்கு வடிகால் வாரியம்.

பொருள்: ஓடையில் கிடக்கும் மரங்களை அகற்றும் உத்தரவை ரத்து செய்யவும், இயந்திர ஓட்டுநர் திரு. டேரல் கப் மீதான நடவடிக்கையைக் கைவிடவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பண்ணை வழியே ஓடும் இந்த ஓடையை என் மாமனார் காலத்தில் வாய்க்கால் போல நேராக வெட்டினார்கள். அன்றிலிருந்து ஆண்டுதோறும் வாரியத்தின் இயந்திரம் வந்து, விழுந்த மரங்களை அள்ளிச் சென்றது. சுத்தம் சோறு போடும் என்பார்கள். இங்கே அது சால்மன் மீன்களை விரட்டியது. மழைக்கு மழை வெள்ளத்தை எங்கள் மாட்டுக்கொட்டகைக்குள் அனுப்பியது.

2. சென்ற ஆண்டு கோடையில் பழங்குடி மன்றத்தின் மீன்வளக் குழுவினர் ஓடைக்குப் பழைய வளைவுகளைத் திருப்பித் தந்தார்கள். கரையைத் தாழ்த்தி, வேரோடு கூடிய பெரிய மரங்களைத் தண்ணீரில் கிடத்தினார்கள். வெள்ளம் பரவ எங்கள் கீழ்ப் புல்வெளியை விட்டுக்கொடுத்தோம். "நல்ல புல்லக் குடுத்துட்டுச் சேத்த வாங்கியிருக்கா என் பொண்டாட்டி" என்று என் கணவர் ரே போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த நவம்பர் பெருமழையில் தண்ணீர் புல்வெளியிலேயே படுத்துக்கொண்டது. கொட்டகையில் ஒரு மாட்டின் குளம்புகூட நனையவில்லை. இப்போது ரே அதே சேற்றைப் போவோர் வருவோருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

3. சென்ற வாரம் செவ்வாயன்று, அந்த மரங்களைத் 'தடைகள்' என்று குறித்த உத்தரவோடு திரு. கப் மண்வாரி இயந்திரத்துடன் வந்தார். நான் அலறிக்கொண்டு ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அவரே அதை அணைத்துவிட்டிருந்தார். மரத்தடியில் ஒரு சால்மன் வாலால் சரளையைத் தோண்டி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. "பாருங்கம்மா, பேறுகாலத்துல வீட்டப் பிரின்னா எந்தப் பாவி பிரிப்பான்?" என்றார்.

4. பணியை மறுத்ததற்காக அவரிடம் விளக்கம் கேட்டிருப்பதாக அறிகிறேன். நேற்று தங்கள் அலுவலகத்திலிருந்து, "இப்போதைக்கு நிறுத்தி வச்சிருக்கோம்" என்று தொலைபேசியில் சொன்னது என் வயிற்றில் பால் வார்த்தது. மனமார்ந்த நன்றி. ஆனால் 'இப்போதைக்கு' என்பதை நம்பி என்னால் நிம்மதியாக இருக்க முடியாது. சரளைக்குள் இருக்கும் முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் வசந்தத்தில்தான் மேலே வரும்.

ஆகவே, இந்த ஓடையைச் சுத்தம் செய்வதை நிரந்தரமாகக் கைவிட்டு அதை எழுத்தில் தரவும், வாரியத்தின் உத்தரவை மீறி வாரியத்தின் மானத்தைக் காப்பாற்றிய திரு. கப்பைத் தண்டிக்காமல் விடவும் பணிவுடன் வேண்டுகிறேன்.

நேரில் பார்க்க விரும்பினால் ரப்பர் பூட்ஸ் அணிந்து வாருங்கள். செப்டம்பரில் புல்வெளி ஓரம் தாங்கள் நட்ட 'தடை அகற்றும் இடம்' என்ற பலகை இப்போது தண்ணீரில் நிற்கிறது. சென்ற வசந்தத்தில் மேலோடையில் பிறந்த சால்மன் குஞ்சுகள் அதன் காலைச் சுற்றித்தான் ஒதுங்கியிருக்கின்றன. அதையும் பிடுங்க வேண்டாம், ஐயா.

தங்கள் எழுத்துக்குக் காத்திருக்கும்,
ஐலீன் ருவோனா

இடம்: அல்டர் ஓடை
நாள்: 27 நவம்பர் 2019