அத்தான் மறுத்திருக்க வேண்டும்

மில்லிக்கன், ஸ்காபரோ
09.10.1988

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

ஒட்டாவாவில் நீங்கள் இருக்கும் கதிரை கேதாருடையது.

சுகம் விசாரித்துவிட்டுத்தான் இதை எழுதியிருக்க வேண்டும். ஆனால் சுகம் விசாரிக்கத் தொடங்கினால் நான் வேறு எதையாவது எழுதி முடித்துவிடுவேன். ரெலிபோனில் சொல்லலாம் என்றால் அது குசினிச் சுவரில் இருக்கிறது, அக்கா பக்கத்தில் நிற்பார். நீங்களும் "சரி துரை, பிறகு கதைப்பம்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் உங்கள் வீட்டு நிலவறையில் இருந்துகொண்டே உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன்.

விசயம் இதுதான். வெள்ளிக்கிழமை முதலாளி வோல்டர் கேதாரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். குளிர் வரப்போகிறது, வெளி வேலைகள் குறையும், ரொறன்ரோ ஒபிசில் பொறியியலாளர் ஒருவரைக் குறைக்க வேண்டும், அது கேதார் என்று சொல்லியிருக்கிறார். இந்த மாதக் கடைசி வெள்ளி அவருக்குக் கடைசி நாள். காரணமும் சொன்னாராம். கேதார் நல்ல மனிதர், சொன்னதைச் சுத்தமாகச் செய்வார், ஆனால் தானாக யோசித்து எதையும் கொண்டுவந்ததில்லை.

தானாக யோசித்து எதையும் கொண்டுவந்ததில்லை. இதைக் கேதார் அன்றைக்கு வேலை முடிந்து வரும் வழியில் காரில் வைத்துச் சிரித்துக்கொண்டு சொன்னார். உங்களிடம் சொல்ல வேண்டாம், மனம் வருந்துவீர்கள் என்றும் சொன்னார்.

நான் அந்தக் கொம்பனியில் படித்த ஆள் இல்லை. மாடிக் குடியிருப்புகளின் நிலத்தடிக் கார்த் தரிப்பிடங்களில் தரையில் சங்கிலியை இழுத்துக்கொண்டு நடப்பதுதான் என் வேலை. கார்கள் குளிர்காலத்தில் தெருவிலிருந்து உப்பைக் கொண்டுவந்து கொட்டி, உள்ளே கம்பி துருப்பிடித்து, கொங்கிறீற் உரிந்துவிடுகிறது. உரிந்த இடத்தில் சங்கிலி வெற்றுச் சத்தம் போடும். நான் சோக்கால் கோடு கீறுவேன், கேதார் படத்தில் குறிப்பார். அந்த வேலையில் அவரோடு இரண்டு குளிர்காலம் நடந்தவன் நான். அதனால் எனக்குத் தெரியும்.

முன்பெல்லாம் திருத்துவதென்றால் முழுத் தரிப்பிடத்தையும் மூடுவார்கள். குடியிருக்கிற சனம் கோடை முழுவதும் தெருத்தெருவாக இடம் தேடி அலையும். ஒரு கிழவி ஊன்றுகோலோடு வந்து கேதாரைப் பிடித்து ஏசினாள். அன்றைக்குத்தான் அவர் தொடங்கினார். எந்தத் துண்டை முதலில் உடைப்பது, எங்கே முட்டுக்கொடுப்பது, எப்படி மாற்றி மாற்றிப் போனால் பாதிக் கார்கள் உள்ளேயே நிற்கலாம் என்று வாரக்கடைசிகளில் தன் மோர்னிங்சைட் அப்பார்ட்மெண்டில் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கீறினார். அவருடைய மனைவி பிமலா அக்கா சாப்பாட்டுக் கோப்பைகளை நிலத்தில் வைத்துப் பரிமாறினார். நானும் நிலத்தில் இருந்து சாப்பிட்டேன். நீங்கள் அந்த நாட்களில் வீட்டுக்குத் தளபாடம் பார்த்துக்கொண்டு திரிந்தீர்கள். குறை சொல்லவில்லை, யார் எங்கே இருந்தார்கள் என்று சொல்கிறேன்.

மார்ச் மாதக் கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் நடந்தது எனக்குத் தெரியும். கொம்பனிப் பங்காளிமார் எல்லாரும் இருக்க வோல்டர் இந்தத் திட்டம் யாருடைய யோசனை என்று கேட்டார். கேதார் உங்களைக் காட்டினார். மகேஸ் தாஜு வழிகாட்டினார், நான் கீறினேன், அவ்வளவுதான் என்றார். தாஜு என்றால் தங்கள் நேபாளிப் பாசையில் அண்ணன் என்று அவர்களுக்கு விளக்கமும் சொன்னாராம்.

நீங்கள் "தாங் யூ" என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஒட்டாவாக் கிளை திறந்தது, நீங்கள் அதற்குத் தலைவரானீர்கள். அதைக் கொண்டாடப் பக்கத்து வீட்டுப் பேர்ணடெற் அன்ரி கேக் வெட்ட வந்தா.

அத்தான், கேதார் ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் ஒருநாள் கோபத்தில் கேட்டேன். அவர் எனக்கு எதையோ ஒளிப்பது போலக் கூச்சப்பட்டார். பிறகு சொன்னார். அவர்கள் ஊரில் சபையில் ஒருவரைப் புகழ்ந்தால் அவர் அதை எடுத்து மூத்தவர் மடியில் வைப்பாராம். மூத்தவர் உடனே மறுப்பார். இல்லையில்லை, எல்லாம் இவன் செய்தது, நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன் என்று திருப்பிக் கொடுப்பார். அப்போதுதான் புகழ் அவனுக்கு உரியதாகுமாம். தானே எடுத்துக்கொண்டால் அது பறித்தது மாதிரி. சொல்லிவிட்டு, அன்றைக்கு அறையில் எல்லாரும் கைதட்டிய சத்தத்தில் தாஜுவுக்குக் கேட்டிராது என்றார்.

உங்களுக்குக் கேட்டது. எங்கள் வீடுகளிலும் இதே பழக்கம்தானே. கறி ருசி என்றால் அக்கா மாமியைக் காட்டுவார், மாமி அக்காவைக் காட்டுவா. மறுக்க வேண்டிய இடம் உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நான் உங்களைக் கள்ளன் என்று சொல்லவில்லை. பேராதனையில் படித்துவிட்டு இங்கே எத்தனை வருடம் உணவகத்தில் கோப்பை கழுவினீர்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறார். இந்த நாட்டில் முதல்முறையாக ஒரு அறை முழுவதும் உங்களைப் பார்த்துக் கைதட்டியது. அந்தத் "தாங் யூ" உங்கள் அனுமதி இல்லாமலே வாயால் வந்திருக்கும். அதை நான் விளங்கிக்கொள்கிறேன். ஆனால் மார்ச் முடிந்து இப்போது ஒக்டோபர்.

எனக்குக் கேதாரிலும் கோபம். இந்த ஊரில் தொண்டை கிழியக் கத்துகிறவனுக்குத்தான் கூலி. அவர்களுடைய ஆட்கள் எல்லாருமே இப்படித்தான். போன வருடம் அவர்களுடைய தசைன் பண்டிகைக்குப் போனோமே, அங்கே ஒருவர் ஆஸ்பத்திரியில் வேலை என்றார். நான் துப்பரவு வேலை என்று நினைத்து, யூனியனில் சேருங்கள், விடாதீர்கள் என்று அரைமணி நேரம் அவருக்குப் புத்தி சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பிமலா அக்கா சொல்லித்தான் தெரியும், மனிதர் இருதய சத்திரசிகிச்சை வைத்தியர். அவருடைய மனைவி கொஞ்சம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றா. அது பல்கலைக்கழகத்தில்.

அன்றைக்கு இங்கே மூத்தவர்கள் இல்லை என்று கேதாரும் பிமலா அக்காவும் உங்களுக்கும் அக்காவுக்கும் முன்னால் வந்து இருந்தார்கள். தயிரும் அரிசியும் குங்குமமும் குழைத்ததை நீங்கள் அவர்கள் நெற்றியில் வைத்தீர்கள். நான் அதை ஒரு விளையாட்டு மாதிரிப் பார்த்தேன். அவர்களுக்கு அது விளையாட்டு இல்லை.

எங்கள் ஆட்களுக்கு அவர் இன்னும் கூர்க்காதான். உங்கள் சின்னவளின் பிறந்தநாளில் பேர்ணடெற் அன்ரி "உவர் நேபாளமோ? அங்கை எல்லாரும் வாச்சர் வேலைதானே" என்று அவருக்கு முன்னாலேயே கேட்டா. நான் மொழிபெயர்க்க மறுத்தேன். அவர் விடவில்லை, கேட்டு வாங்கி, ஓம், என் மாமா பம்பாயில் வாச்சர், அவர்தான் என்னைப் படிப்பித்தார் என்று சொல்லச் சொன்னார். கொழும்பில் எங்களை எப்படிப் பார்த்தார்கள் என்று ஸ்காபரோவில் வீடு வாங்கியதும் மறந்துவிடுகிறோம்.

வோல்டருக்கு ஒரு தடவை ரெலிபோன் எடுங்கள். உண்மையைச் சொல்லுங்கள். உங்களை அங்கிருந்து எழுப்பமாட்டார்கள், நீங்கள் ஒட்டாவாவில் நன்றாகவே செய்கிறீர்கள். கேதாரை நிறுத்தமாட்டார்கள், அவ்வளவுதான்.

அக்கா சுகம். சின்னவளுக்குத் தடிமன் மாறிவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
இராசதுரை


மில்லிக்கன்
23.10.1988

அன்புள்ள அத்தானுக்கு,

என் கடிதம் கிடைத்திருக்கும். போன ஞாயிறு ரெலிபோன் எடுத்தீர்கள், என்னைக் கேட்கவில்லை. இன்றைக்கு அக்காவோடு குளிர்கால ரயர் மாற்றுவது பற்றி நிறைய நேரம் கதைத்தீர்கள். என்னைக் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை.

நீங்கள் வோல்டருக்கு எடுக்காதபடியால் நான் போனேன். செவ்வாய்க்கிழமை காலை வோல்டரின் கதவைத் தட்டி, அந்தத் திட்டம் கேதாருடையது, நான் கண்ணால் கண்டேன் என்று சொன்னேன். என் ஆங்கிலம் உங்களுக்குத் தெரியும். இருந்தும் விளங்கிக்கொண்டார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். நண்பனுக்காக நீ வந்தது நல்லது என்றார். பிறகு கேதாரைக் கூப்பிட்டு, எனக்கு முன்னாலேயே கேட்டார். உன் வேலையா, மகேஸின் வேலையா?

கேதார் என்னைப் பார்த்தார். பிறகு, நான் மார்ச்சில் சொன்னதில் மாற்றமில்லை என்றார்.

நான் தலை குனிந்துகொண்டு வெளியே வந்தேன். வோல்டர் இனி என்னை எப்படிப் பார்ப்பார் என்று தெரியாது. காரில் ஏறியதும் கேதாரை வாயில் வந்தபடி பேசினேன். உன்னுடைய பணிவால் யாருக்கு லாபம் என்று பார், முதலாளிக்கு லாபம், மகேஸுக்கு லாபம், உன் பெண்சாதிக்கு என்ன என்று கேட்டேன். அவர் காரை ஓரம் கட்டினார். அண்ணன் என்று நெற்றியை நீட்டிவிட்டு அவரை வெள்ளைக்காரர் முன்னால் பொய்யராக்கச் சொல்கிறாயா, அது என்னால் முடியாது, வேலை போனால் இன்னொன்று தேடலாம் என்றார். பிறகு, தாஜு சொல்ல விரும்பினால் அவர் சொல்லலாம், அவருக்கு யாரும் தடையில்லை என்றார்.

முதல்தடவையாக அவர் அவ்வளவு சொன்னார். எனக்கு அது போதும். இந்த முடிச்சை உங்களைத் தவிர யாரும் அவிழ்க்க முடியாது என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

வியாழக்கிழமை அவர்களுடைய தசைன். நீங்கள் வருவீர்கள் என்று பிமலா அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தா. நீங்கள் வராததால் அக்கா தனியாகவே அவர்கள் நெற்றியில் வைத்தார். திரும்பி வரும்போது காரில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். "வாய மூடு மனே. உன்ன இந்த வீட்டில வெச்சிருக்கிறது ஆரு?" என்று கேட்டார். ஸ்டீல்ஸ் வீதி வந்ததும் ரேடியோவை நிறுத்தினார். பிறகு, "அவர் மறுக்கவே இல்லையா?" என்று மெல்லக் கேட்டார். நான் இல்லை என்றேன். அன்றிலிருந்து என்னோடு கதைப்பது குறைவு. உங்களோடு ரயரைப் பற்றி அத்தனை நேரம் கதைத்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

என்னை வீட்டைவிட்டுப் போகச் சொல்வதானால் சொல்லுங்கள், போகிறேன். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு முன் வோல்டரோடு கதையுங்கள்.

அன்புடன்,
இராசதுரை


மில்லிக்கன்
29.10.1988

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று கேதார் போய்விட்டார். பிமலா அக்கா செய்த இனிப்பை ஒரு பெட்டியில் கொண்டுவந்து எல்லா மேசைக்கும் கொடுத்தார். வேலை போகிற ஆள் இனிப்புக் கொடுப்பதை அந்த ஒபிஸ் கண்டதில்லை. ஒரு பெட்டை அழுதுவிட்டாள். வோல்டர் இரண்டு துண்டு எடுத்தார்.

ஏச இதை எழுதவில்லை. ஏசி முடிந்துவிட்டது. ஒரு செய்தி சொல்ல வேண்டும், தபாலில் போட்டால் பிந்திவிடும் என்று இன்றைக்கு ஒட்டாவா போகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

வேறொரு கொம்பனி கேதாரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. நானே கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழி முழுவதும் "நான் செய்தேன் என்று சொல்லுங்கோ கேதார், நான், நான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பழக்கினேன். சிரித்துச் சிரித்துச் சொல்லிப் பார்த்தார். உள்ளே போய், நீர் தனியாகச் செய்த பெரிய வேலை என்ன என்று கேட்க, பல பேரோடு சேர்ந்து வேலை செய்யும் பாக்கியம் கிடைத்தது என்றிருக்கிறார்.

அவர்களும் விடவில்லை. உம்மைப் பற்றித் தெரிந்த மூத்தவர் யார், அவரிடம் கேட்கலாமா என்றார்கள். கேதார் உங்கள் பெயரையும் ஒட்டாவா இலக்கத்தையும் கொடுத்துவிட்டு வந்தார். ஏன் மகேஸின் பெயரைக் கொடுத்தீர் என்று கத்தினேன். வேறு யாருடைய பெயரைக் கொடுப்பது, என் வேலையை அவரைவிட யாருக்குத் தெரியும் என்றார். குத்திச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை அத்தான். அந்த மனிதர் உண்மையாகவே உங்களை நம்பிக்கொண்டிருக்கிறார்.

திங்கட்கிழமை அவர்கள் உங்களுக்கு ரெலிபோன் எடுப்பார்கள். வோல்டர் அங்கே இருக்கமாட்டார், பங்காளிமார் இருக்கமாட்டார்கள், உங்கள் கதிரைக்கும் ஒன்றும் நடக்காது. முன்பின் தெரியாத ஒரு குரல் வந்து, இந்த மனிதர் என்ன செய்தார் என்று கேட்கும்.

அக்கா நேற்று இரவு சாப்பிடவில்லை. நீங்கள் நல்லவர் என்று நினைத்துத்தான் நானும் இதை எழுதுகிறேன், இல்லையென்றால் இவ்வளவு தாள் எதற்கு.

கடவுள் உங்களுக்கு எல்லா நலமும் தரட்டும். அந்தக் குரலுக்கு நீங்கள் என்ன பதில் சொல்லப் போகிறீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். நாளைக்கு ஞாயிறு, வழமைபோல அக்காவுக்கு எடுப்பீர்கள். இந்தமுறை என்னைக் கேளுங்கள்.

இராசதுரை