எதிர்த்துக் கை தூக்கிய ஒருவர்

நம் வீட்டு எதிர்த்தரப்பு வக்கீலம்மாவுக்கு,

வக்கீல் சங்கத்தின் சுற்றுச்சூழல், எரிசக்திச் சட்டக் குழுவுக்கு ஆண்டறிக்கை எழுத உட்கார்ந்தேன். கருத்தரங்கு நான்கு, பயிற்சி வகுப்பு இரண்டு என்று ஓடிய பேனா, சூரிய மின்திட்டத்துக்கு ஏரி நிலத்தைத் தரலாம் என்று அரசுக்குப் பரிந்துரைத்த தீர்மானத்தில் நின்றுவிட்டது. ‘ஓர் உறுப்பினர் எதிர்த்தார்.’ விதிப்படி பெயர் எழுதக் கூடாது.

“வரைபடத்துல தரிசுன்னு போட்டுட்டா தண்ணி வத்திடுமா?” என்று நீ ஒருத்தி மட்டும் எழுந்து கேட்டாய். எல்லோரும் சிரித்தோம், நீ உட்காரவில்லை. அந்தத் தைரியம் எனக்கு ஏழு ஜென்மத்திலும் வராது. நான் வீட்டுக்கு வந்தும் சிரித்தேன். அன்றோடு நம் பேச்சு நின்றது.

நேற்று அந்த ஏரிக்குப் போனேன். முழங்கால் வரை தண்ணீர். வாசலில் சேறு அப்பிய என் செருப்பைப் பார்த்திருப்பாய்.

நாளை பொதுக்குழுவில் மறுபரிசீலனைத் தீர்மானத்தை நீ முன்மொழி. வழிமொழிய ஆள் தேடாதே.

சிரித்தவர்களில் ஒருவன்